கார் ஏசி குளிரவில்லையா? கேஸ் ஏற்றுவதற்கு முன் செய்ய வேண்டியவை, வரிசைப்படி

கார் ஏசி குளிரவில்லை என்றதும் எல்லோரும் முதலில் சொல்வது "கேஸ் போடணும்" என்பதுதான். ஏசி கேஸ் ஓட ஓடத் தீர்ந்துபோகிற பொருள் இல்லை. மூடிய குழாய்களுக்குள் அதே கேஸ்தான் சுற்றிச் சுற்றி வருகிறது. ரப்பர் ஹோஸ் வழியாக வருடக்கணக்கில் கொஞ்சம் குறையலாம். அதற்கு மேல் குறைந்தால் எங்கோ கசிகிறது என்று அர்த்தம். கேஸ் சரியாக இருந்தும் குளிராமல் போவதற்குக் காரணங்கள் பல உண்டு. அவற்றில் பாதியை ஸ்பேனரைக் கையில் எடுக்காமலே கண்டுபிடித்துவிடலாம்.

அதனால் இந்த வழிகாட்டியில் கேஸ் கடைசியில்தான் வரும். காற்று, கரண்ட், வெப்பம் வெளியேறும் வழி, அழுத்தம், கசிவு என்ற வரிசையை மாற்றாதீர்கள். முன்னால் இருக்கும் ஒவ்வொரு படியும் பின்னால் வருவதைவிடச் செலவு குறைவானது. முன்படிகளைத் தாண்டிவிட்டு கேஜ் (அழுத்தம் காட்டும் மீட்டர்) மாட்டினால் அது காட்டும் எண் தவறான முடிவுக்கு இழுத்துப்போகலாம்.

இங்கே சொல்வதெல்லாம் ஆர்134ஏ கேஸ் ஓடும் பெட்ரோல், டீசல் கார்களுக்கு. ஹைப்ரிட், எலெக்ட்ரிக் கார்களில் கேஸை அழுத்திச் சுற்றவிடும் ஏசி கம்ப்ரஸர் உயர் மின்னழுத்தத்தில் ஓடலாம். ஆரஞ்சு நிற வயர் கண்ணில் பட்டால் கை வைக்காமல் அதற்கென்றே பயிற்சி பெற்றவரிடம் கொடுத்துவிடுங்கள்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

குச்சி முனையுள்ள டிஜிட்டல் தெர்மாமீட்டர், மல்டிமீட்டர், நல்ல டார்ச், கண்ணைக் காக்கும் கண்ணாடி, ரப்பர் கையுறை, ஹோஸை இறுக்கும் கிளாம்ப், ஃபீலர் கேஜ் (மெல்லிய இடைவெளியை அளக்கும் தகடுகள்), பாட்டிலில் சோப்பு நீர். முதல் ஐந்து படிகளுக்கு இவை போதும். கேஜ் செட்டும், குழாய்க்குள் இருக்கும் காற்றை இழுத்தெடுக்கும் வேக்குவம் பம்பும் இப்போதே வாங்க வேண்டாம். தேவையா என்பது 6-ஆம் படியில்தான் தெரியும்.

பானெட்டைத் திறந்து ஏசி ஸ்டிக்கரைத் தேடுங்கள். கேஸின் வகையும் எத்தனை கிராம் என்ற அளவும் அதில் இருக்கும். சிறிய கார்களுக்குப் பெரும்பாலும் 350 முதல் 500 கிராம் வரை வரும். ஸ்டிக்கரைப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

வண்டியைத் திறந்த வெளியில், நிழலில் நிறுத்துங்கள். மூடிய கராஜில் எஞ்சினை ஓடவிட்டுச் சோதிப்பது உயிருக்கே ஆபத்து. துண்டு, துப்பட்டா, தொங்கும் சட்டைக் கை எதுவும் பெல்ட் பக்கம் போகக் கூடாது. ரேடியேட்டர் ஃபேன் சொல்லாமல் கொள்ளாமல் சுற்றத் தொடங்கும். ஆர்134ஏ திரவமாக வெளியே வந்தால் மைனஸ் 26 டிகிரியில் கொதிக்கும். கண்ணில் பட்டால் பார்வை போகலாம். பக்கத்தில் நெருப்பும் கூடாது. சூடான தீயில் பட்டால் இந்த கேஸ் நச்சாக மாறும்.

2. அளந்து எழுதுங்கள்

"கூலிங் கம்மி" என்பதை வைத்துக்கொண்டு எதையும் கண்டுபிடிக்க முடியாது. ஏசியைப் போட்டு, குளிர் அளவை முழுதாக வைத்து, ரீசர்குலேஷனை அழுத்தி, ப்ளோயரை நடு வேகத்தில் வையுங்கள். நடு வென்ட்டில் தெர்மாமீட்டரைச் செருகி, எஞ்சினை 1,500 ஆர்பிஎம் அளவில் பத்து நிமிடம் ஓடவிடுங்கள். வெளியே 35 டிகிரி இருக்கும்போது வென்ட்டில் 8 முதல் 12 டிகிரி வந்தால் ஏசி நன்றாகவே இருக்கிறது. 18-க்கு மேல் நின்றால் கோளாறு உறுதி.

அப்புறம், எப்போது குளிர்கிறது, எப்போது இல்லை என்று குறித்து வையுங்கள். பாதி நோய் இதிலேயே தெரிந்துவிடும். ஓடும்போது குளிர்ந்து சிக்னலில் நின்றால் சூடானால், 5-ஆம் படியை மனதில் வையுங்கள். அரைமணி நேரம் நன்றாகக் குளிர்ந்துவிட்டுக் காற்றே குறைந்துபோய், அணைத்துவைத்துப் போட்டால் மறுபடி சரியானால், டேஷ்போர்டுக்குள் காற்றைக் குளிர்விக்கும் கூலிங் காயிலில் ஐஸ் பிடிக்கிறது. காலையில் நன்றாக இருந்து, எஞ்சின் சூடேறியதும் டக்கென்று நின்றுவிட்டால் கம்ப்ரஸரை எஞ்சினோடு சேர்த்தும் பிரித்தும் விடும் கிளட்ச் மேல் சந்தேகம் வரும்.

3. காற்று சரியாக வருகிறதா?

குளிர் காற்று குறைவாக வருவதும் காற்றில் குளிர் குறைவதும் வேறு வேறு கோளாறுகள். புதிதாகச் செய்பவர்கள் இரண்டையும் ஒன்றாக்கிக் குழப்பிக்கொள்கிறார்கள்.

கேபின் ஃபில்டர் பெரும்பாலும் க்ளவ் பாக்ஸுக்குப் பின்னால் இருக்கும். பெட்டியின் இரு ஓரங்களையும் உள்ளே அழுத்தினால் அது கீழே சரியும். ஃபில்டரை வெளியே எடுத்துவிட்டு ஏசியைப் போட்டுப் பாருங்கள். காற்று அதிகமானால் விஷயம் முடிந்தது, புதிய ஃபில்டர் போதும். சில கார்களின் கீழ் வேரியன்ட்டுகளில் கம்பெனியே ஃபில்டர் வைப்பதில்லை. அந்த வண்டிகளில் தூசியும் இலையும் நேரே கூலிங் காயிலில் போய்ப் படியும். டார்ச் அடித்துப் பார்த்தால் காயிலின் முகத்தில் சாம்பல் நிறக் கம்பளிபோலத் தெரியும்.

ப்ளோயர் கடைசி வேகத்தில் மட்டும் ஓடி மற்ற வேகங்களில் ஓடாவிட்டால், வேகத்தைக் குறைக்கும் ரெசிஸ்டர் எரிந்திருக்கிறது. கடைசி வேகம் மட்டும் ரெசிஸ்டர் வழியாகப் போகாததால்தான் அது உயிரோடு இருக்கிறது. இரண்டு ஸ்க்ரூ, ஒரு சாக்கெட், அவ்வளவுதான் வேலை.

பயணி பக்கத்துக் கால்மிதி நனைந்திருந்தால் டிரெயின் குழாய் அடைத்திருக்கிறது. அது கேஸ் கசிவு இல்லை. எஞ்சின் பக்கம் ஃபயர்வாலுக்கு (எஞ்சினுக்கும் கேபினுக்கும் நடுவே உள்ள தகடு) கீழே நீட்டிக்கொண்டிருக்கும் சிறு ரப்பர் குழாயை மெல்லிய வயரால் மெதுவாகக் குத்திவிடுங்கள். வயரை ஆழமாகத் தள்ளாதீர்கள், உள்ளே காயில் இருக்கிறது.

இன்னொன்று: வெப்பநிலையை மாற்றும் உள் கதவு பாதியில் சிக்கியிருந்தால், குளிர்ந்த காற்றோடு ஹீட்டரின் சூடும் கலந்து வரும். எஞ்சின் நன்றாகச் சூடேறியபின் ஹீட்டருக்குப் போகும் இரு ஹோஸ்களில் ஒன்றைத் துணி சுற்றிய கிளாம்ப்பால் சற்று நேரம் இறுக்கிப் பாருங்கள். வென்ட் குளிர்ந்தால் ஏசி குற்றமில்லை, கதவின் கேபிள் அல்லது மோட்டார்தான் கோளாறு.

4. கம்ப்ரஸர் ஓடுகிறதா?

எஞ்சின் ஓடட்டும். ஒருவர் உள்ளே அமர்ந்து ஏசி பட்டனை அழுத்தட்டும். நீங்கள் கம்ப்ரஸரின் முன்பக்கத்தைப் பாருங்கள். பெல்ட் ஓடும் புல்லி எப்போதும் சுற்றிக்கொண்டேதான் இருக்கும். அதைப் பார்த்து "கம்ப்ரஸர் ஓடுது" என்று சொல்வது இங்கே நடக்கும் பெரிய தவறு. புல்லிக்கு முன்னால் நடுவில் ஒரு தட்டு இருக்கும். பட்டனை அழுத்தியதும் "டக்" என்ற சத்தத்தோடு அதுவும் சேர்ந்து சுற்ற வேண்டும். தட்டு அசையாமல் நின்றால் கம்ப்ரஸர் ஓடவில்லை. சில புதிய கார்களில் கிளட்சே இல்லாத கம்ப்ரஸர் வருகிறது. அவற்றில் இந்தச் சோதனை பயன்படாது, கேஜைத்தான் நம்ப வேண்டும்.

தட்டு சுற்றவில்லையென்றால் வரிசையாகப் போங்கள்.

முதலில் ஃபியூஸ். அடுத்து ரிலே (கரண்டை விட்டு நிறுத்தும் மின்சுவிட்ச்). ஏசி ரிலேயின் மேல் உள்ள எண்ணும் ஹார்ன் ரிலேயின் எண்ணும் ஒன்றாக இருந்தால், இரண்டையும் மாற்றிப் போட்டுப் பாருங்கள். காசு செலவில்லாத சோதனை இது. பிறகு வயர்களை டார்ச் அடித்துப் பாருங்கள். நாள்கணக்கில் நிறுத்திவைத்த வண்டிகளில் எலி கடித்த வயர் சர்வ சாதாரணம். எஞ்சின் வெப்பம் அளவு மீறினாலும் கம்ப்யூட்டரே ஏசியை நிறுத்திவிடும். டேஷ்போர்டில் டெம்பரேச்சர் முள் எங்கே நிற்கிறது என்று ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள்.

இவையெல்லாம் சரியென்றால் கிளட்ச் கனெக்டரில் மல்டிமீட்டர் வையுங்கள். ஏசி போட்டிருக்கும்போது 12 வோல்ட்டுக்குக் குறையாமல் வந்தும் தட்டு ஒட்டவில்லையென்றால் கோளாறு கிளட்சில்தான். எஞ்சினை அணைத்து, கனெக்டரைக் கழற்றி, கிளட்ச் காயிலின் (தட்டை இழுக்கும் மின்காந்தச் சுருள்) ஓம்ஸை அளங்கள். பொதுவாக 3 முதல் 5 ஓம்ஸ் காட்டும். முள் நகரவே இல்லையென்றால் காயில் அறுந்திருக்கிறது.

காயில் நல்லதாக இருந்து, தட்டுக்கும் புல்லிக்கும் நடுவே உள்ள இடைவெளி தேய்ந்து தேய்ந்து அகலமாகியிருந்தாலும் காந்தத்தால் இழுக்க முடியாது. பல கார்களில் இது 0.3 முதல் 0.6 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். ஃபீலர் கேஜ் நுழைத்து அளங்கள். சூடேறியதும் நிற்கும் ஏசிக்கு இதுதான் பெரும்பாலும் காரணம்: காயில் சூடானால் அதன் காந்த பலம் குறையும், அகன்ற இடைவெளியைத் தாண்டி இழுக்க முடியாது. தட்டின் பின்னால் இருக்கும் மெல்லிய ஷிம் வாஷர் ஒன்றை எடுத்துவிட்டால் இடைவெளி குறையும். கம்ப்ரஸரையே மாற்றச் சொன்ன வண்டி ஒரு வாஷரில் சரியாவதைப் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இந்தச் சோதனையை யாரும் தாண்டக் கூடாது என்கிறேன்.

கிளட்சுக்குக் கரண்டே வரவில்லையென்றால் அழுத்தச் சுவிட்ச் தடுத்திருக்கலாம். கேஸ் ரொம்பக் குறைந்தாலும் அழுத்தம் அளவு மீறினாலும் அது கம்ப்ரஸரைத் துண்டித்துவிடும். சிலர் அந்தச் சுவிட்சை வயரால் இணைத்து ஓடவிடுகிறார்கள். செய்யாதீர்கள். கம்ப்ரஸருக்கு ஆயில் கேஸோடு சேர்ந்துதான் வருகிறது. கேஸ் இல்லாமல் ஓடினால் உள்ளே உரசித் தேயும். மூன்று வயர் உள்ள சென்சாராக இருந்தால் இணைப்பதே எலெக்ட்ரானிக்ஸைக் கெடுக்கும். சந்தேகம் இருந்தால் 6-ஆம் படிக்குப் போய் அழுத்தத்தை அளங்கள்.

5. கன்டென்சரும் ஃபேனும்

காருக்குள்ளிருந்து எடுத்த வெப்பம் ரேடியேட்டருக்கு முன்னால் நிற்கும் கன்டென்சர் வழியாகத்தான் வெளியே போகிறது. அங்கே அடைப்பு இருந்தால் எவ்வளவு நல்ல கேஸ் இருந்தும் பயனில்லை.

ஏசி போட்டதும் ஃபேன் ஓட வேண்டும், அல்லது சில நொடிகளில் ஓடத் தொடங்க வேண்டும். ஓடாவிட்டால் ஃபியூஸ், ரிலே, மோட்டார் கனெக்டர் என்று பாருங்கள். நெடுஞ்சாலையில் எதிர்க்காற்று ஃபேனின் வேலையைச் செய்துவிடும். சிக்னலில் நிற்கும்போதுதான் குட்டு வெளிப்படும். ஃபேன் மெதுவாகச் சுற்றினாலும் இதே கதைதான்.

முன் கிரில் வழியாக டார்ச் அடித்துப் பாருங்கள். மண், பூச்சி, பிளாஸ்டிக் பை எல்லாம் சிக்கியிருக்கும். சாதாரணத் தோட்டக் குழாயில், எஞ்சின் ஆறியபின், மெதுவாகக் கழுவுங்கள். பிரஷர் வாஷரைக் கிட்டே கொண்டுபோனால் மெல்லிய அலுமினிய ஃபின்கள் மடங்கிப் படுத்துவிடும். அப்புறம் காற்றே புகாது. கழுவி முடித்ததும் 2-ஆம் படியின் அளவை மறுபடி எடுங்கள். பல வண்டிகளில் வேலை இதோடு முடிந்துவிடுகிறது.

6. கேஜ் மாட்டிப் படிப்பது

இதுவரை எல்லாம் சரி, இன்னும் குளிரவில்லை என்றால் மட்டும் கேஜ். நீலம் லோ (குறைந்த அழுத்த) பக்கம், சிவப்பு ஹை (அதிக அழுத்த) பக்கம். லோ குழாய் தடிமன், ஹை குழாய் மெலிது. இரண்டின் இணைப்பும் வேறு வேறு அளவு என்பதால் மாற்றி மாட்ட முடியாது. மாட்டும் முன் கேஜின் இரு வால்வுகளும் மூடியிருக்கிறதா என்று பாருங்கள்.

எஞ்சின் ஓடாமல் சில மணி நேரம் நிழலில் நின்ற வண்டியில் முதல் அளவை எடுங்கள். இரண்டு முள்ளும் ஒரே எண்ணைக் காட்டும். 30 டிகிரி வெப்பத்தில் சுமார் 97 பிஎஸ்ஐ, 35 டிகிரியில் சுமார் 114. இதைவிட மிகக் குறைவென்றால் உள்ளே திரவமே இல்லை, கேஸ் பெரும்பாலும் போய்விட்டது. தெளிவாக அதிகமென்றால் உள்ளே காற்றோ வேறு கேஸோ கலந்திருக்கிறது.

இங்கே கவனமாக இருங்கள். 97 காட்டினால் "கேஸ் ஃபுல்" என்று அர்த்தம் இல்லை. முழு சமையல் சிலிண்டரிலும் பாதி தீர்ந்த சிலிண்டரிலும் அழுத்தம் ஒன்றுதான்; ஒரு துளி திரவம் மிச்சம் இருக்கும்வரை வெப்பநிலைதான் அழுத்தத்தைத் தீர்மானிக்கும். எத்தனை கிராம் இருக்கிறது என்று கேஜ் ஒருபோதும் சொல்லாது.

அடுத்து எஞ்சினை 1,500 ஆர்பிஎம்மில் வைத்து, ஏசி முழுதாக, கதவுகளைத் திறந்துவைத்துப் பாருங்கள். வெளியே 35 டிகிரி இருந்தால் லோ பக்கம் 30 முதல் 45, ஹை பக்கம் 200 முதல் 250 வரை வருவது வழக்கம். மாறுபட்டால் இப்படிப் படியுங்கள்.

இரண்டும் குறைவு: கேஸ் குறைவு. கசிவைத் தேட வேண்டும்.

இரண்டும் அதிகம்: கன்டென்சர் அடைப்பு, ஃபேன் கோளாறு, கேஸ் அதிகமாக ஏற்றியது, அல்லது காற்று கலந்தது. ஐந்தாம் படியை முடித்திருந்தால் கடைசி இரண்டுதான் மிச்சம்.

லோ அதிகம், ஹை குறைவு: கம்ப்ரஸர் அழுத்தம் தரவில்லை.

லோ பூஜ்யத்துக்குக் கீழே வேக்குவத்துக்கே போகிறது: கூலிங் காயிலுக்குள் கேஸை அளந்துவிடும் எக்ஸ்பான்ஷன் வால்விலோ, ஈரத்தை உறிஞ்சும் டிரையரிலோ அடைப்பு. குழாயைத் தடவிப் பார்த்தால் ஓர் இடத்தில் மட்டும் சட்டென்று சில்லென்றிருக்கும். அடைப்பு அங்கேதான். ஹை குழாய் கையைச் சுடும் என்பதால் கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

முள் கொஞ்ச நேரம் சரியாக நின்று, வேக்குவத்துக்கு இறங்கி, மறுபடி ஏறினால் உள்ளே ஈரம் இருக்கிறது. அது வால்வின் சிறு துளையில் ஐஸாக உறைந்து உருகுகிறது.

7. கசிவைப் பிடிப்பது

கேஸ் வெளியேறும் இடத்தில் ஆயிலும் சேர்ந்து வரும். அதில் தூசி ஒட்டிக் கறுத்த பிசுக்காக நிற்கும். முதல் ஆதாரம் அதுதான். கன்டென்சரின் கீழ் மூலைகள், ஹோஸும் அலுமினியக் குழாயும் சேரும் இடம், ஒவ்வொரு ஜாயின்ட், கம்ப்ரஸர் புல்லிக்குப் பின்புறம் என்று வரிசையாகப் பாருங்கள். கடலோர ஊர்களில் உப்புக் காற்று கன்டென்சரை அரித்துவிடும். அங்கே வெள்ளைப் பூப்போலப் படிந்த இடங்களைக் கூர்ந்து பாருங்கள்.

எல்லோரும் விட்டுவிடும் இடம் ஒன்று உண்டு: கேஜ் மாட்டும் வாயிலில் இருக்கும் பின் வால்வு. கார் டயரில் காற்றடிக்கும் வாயிலில் இருப்பதுபோன்ற சின்னப் பாகம். மூடியைக் கழற்றி ஒரு சொட்டு சோப்பு நீர் விடுங்கள். குமிழி மெதுவாக வீங்கி உடைந்து, மறுபடி வீங்கினால் கசிவு அங்கேதான். கோடை தோறும் கேஸ் ஏற்றிக்கொண்டிருந்த ஒரு வண்டியில் கடைசியில் பிடிபட்டது இந்தப் பின்தான்.

சோப்பில் தெரியாத மெல்லிய கசிவுக்கு, யுவி ஒளியில் ஒளிரும் சாயமான யுவி டையை உள்ளே விடுவது உதவும். சில நாள் ஓட்டிவிட்டு இரவில் யுவி டார்ச் அடித்தால் கசியும் இடம் பச்சையாக ஒளிரும். டிரெயின் குழாயில் சொட்டும் நீரிலும் அதே பச்சை தெரிந்தால் கூலிங் காயில் கசிகிறது.

பஞ்சர் கடைக் காற்றை ஏற்றிச் சோதிக்கவே கூடாது, ஈரம் உள்ளே போகும். ஆக்ஸிஜன் சிலிண்டரை நினைத்தும் பார்க்காதீர்கள், ஆயிலோடு சேர்ந்தால் வெடிக்கும். அழுத்தச் சோதனைக்கு ரெகுலேட்டர் வைத்த நைட்ரஜன்தான்.

8. திறப்பதும் மாற்றுவதும்

எந்த ஜாயின்ட்டையும் திறக்கும் முன் மிச்சமிருக்கும் கேஸை கேஸை இழுக்கும் மெஷின் வைத்திருக்கும் ஷெட்டில் கொடுத்து இழுத்துவிடச் சொல்லுங்கள். காற்றில் திறந்துவிடுவது ஆபத்து மட்டும் இல்லை. ஆர்134ஏ கரியமில வாயுவைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல் புவியைச் சூடாக்கக்கூடியது.

திறந்த ஒவ்வொரு ஜாயின்ட்டிலும் புது ஓ-ரிங் (ரப்பர் வளையம்) போடுங்கள். ஆர்134ஏ-க்கு உரியது என்று கேட்டு வாங்குங்கள். பிளம்பிங் ஓ-ரிங் இதற்குத் தாங்காது. போடும் முன் ஏசி ஆயிலை மெல்லத் தடவுங்கள், வறண்ட ரிங் முறுக்கிக்கொண்டு கிழியும். கழற்றிய குழாய் வாய்களை உடனே மூடுங்கள். இந்த ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சக்கூடியது.

சிஸ்டம் நாள்கணக்கில் திறந்து கிடந்திருந்தால் டிரையரையும் மாற்றுங்கள். கன்டென்சர் மாற்றினால் பழையதோடு போன ஆயிலை ஈடுகட்ட வேண்டும். பொதுவாக 20 முதல் 40 மில்லி; உங்கள் கம்ப்ரஸர் எந்த வகை ஆயில் கேட்கிறது என்பது அதன் லேபிளில் இருக்கும். கூட ஊற்றினால் கூலிங் குறையும், குறைத்தால் கம்ப்ரஸர் போகும்.

9. வேக்குவம்

அவசரக்காரர்கள் விட்டுவிடுவது இந்தப் படியைத்தான். வேக்குவம் காற்றை மட்டும் இழுப்பதில்லை, ஈரத்தையும் கொதிக்க வைத்து ஆவியாக்கி இழுக்கிறது. 30 டிகிரி வெப்பத்தில் நீர் கொதிக்க, கேஜில் 28.7 அங்குலத்துக்கு (பாதரச அளவு) மேல் வேக்குவம் வேண்டும். அதனால் 29 அங்குலம் வந்தபிறகும் முக்கால் மணி நேரம் பம்பை ஓடவிடுங்கள். ஊட்டி போன்ற உயரமான ஊர்களில் காற்றழுத்தமே குறைவு. அங்கே முள் 23 அங்குலம் அளவில் நின்றுவிடும். பம்ப் கெட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம்.

பிறகு வால்வை மூடி, பம்பை அணைத்து, அரைமணி நேரம் முள்ளைக் கவனியுங்கள். நகராவிட்டால் அடுத்த படி. திரும்பினால் கசிவு இன்னும் இருக்கிறது. அந்த நிலையில் கேஸ் ஏற்றினால் காசும் கேஸும் வீண்.

10. கேஸ் ஏற்றுவது

எடை பார்த்துத்தான் ஏற்ற வேண்டும். கேஸ் டின்னைச் சமையலறைத் தராசில் வைத்து, ஸ்டிக்கரில் சொன்ன கிராம் குறையும்வரை ஏற்றுங்கள். "முள் இவ்வளவு வந்தா போதும்" என்று நிறுத்துவது தவறு. அந்த முள் வெயிலுக்கு வெயில் மாறும். மிச்சம் எவ்வளவு என்றே தெரியாத சிஸ்டத்தில் டாப்-அப் போடுவதையும் இதனால்தான் நான் ஆதரிப்பதில்லை.

முதலில் டின்னையும் கேஜையும் இணைக்கும் மஞ்சள் ஹோஸில் நிற்கும் காற்றை ஒரு நொடி வெளியேற்றுங்கள். எஞ்சின் அணைந்திருக்கும்போது வேக்குவமே முதல் பகுதியை இழுத்துக்கொள்ளும். அது நின்றதும் எஞ்சினைப் போட்டு, ஏசியை முழுதாக வைத்து, லோ பக்கம் வழியாக மட்டும் மீதியை விடுங்கள். டின் நிமிர்ந்தே இருக்கட்டும். தலைகீழாகப் பிடித்தால் திரவம் நேரே கம்ப்ரஸருக்குள் போய் அதை உடைக்கும். எஞ்சின் ஓடும்போது சிவப்பு வால்வைத் திறந்தால் ஹை அழுத்தம் டின்னுக்குள் புகுந்து டின் வெடிக்கும். அதில் கை வைக்கவே வேண்டாம். டின் சில்லென்று உறைந்து கேஸ் வராமல் நின்றால் வெதுவெதுப்பான நீரில் வையுங்கள். தீயில் காட்டக் கூடாது.

முடிந்ததும் எஞ்சினை அணைத்து, கேஜைக் கழற்றி, இரு வாயிலிலும் சோப்பு நீர் விட்டுப் பார்த்து, மூடிகளை இறுக்குங்கள். அந்த மூடிக்குள் இருக்கும் ரப்பர் வாஷர் தூசியையும் கசிவையும் தடுப்பது. தொலைந்திருந்தால் புதிது வாங்கிப் போடுங்கள். பிறகு 2-ஆம் படியின் அளவை அதே நிலையில் எடுத்து, முன்பு எழுதியதோடு ஒப்பிடுங்கள். எத்தனை கிராம், எந்தத் தேதி என்பதை எழுதி பானெட்டின் உள்பக்கம் ஒட்டிவிடுங்கள். அடுத்த முறை குறைந்தால் எவ்வளவு வேகமாகக் கசிகிறது என்று கணக்குப் போட அது வேண்டும்.

11. எங்கே நிறுத்த வேண்டும்

கூலிங் காயில் கசிந்தால் பல கார்களில் டேஷ்போர்டையே கழற்ற வேண்டியிருக்கும். ஏர்பேக் இருக்கும் வண்டியில் அதை வீட்டில் செய்ய வேண்டாம். கம்ப்ரஸரைக் கழற்றும்போது ஆயிலில் மினுமினுக்கும் உலோகத் துகள் தெரிந்தால், அது குழாய் முழுக்கப் பரவியிருக்கும். கம்ப்ரஸரை மட்டும் மாற்றினால் புதியதும் சீக்கிரமே போய்விடும். குழாய்களை உள்ளே கழுவி (ஃப்ளஷ் செய்து), கன்டென்சர், டிரையர், எக்ஸ்பான்ஷன் வால்வு மூன்றையும் சேர்த்து மாற்றித் தரும் ஷெட்டாகப் பார்த்துக் கொடுங்கள். பேச்சைத் தொடங்கும்போதே நீங்கள் எழுதிவைத்த அழுத்த அளவுகளையும் வென்ட் வெப்பநிலையையும் காட்டிவிடுங்கள். கேஸ் போட்டுப் பார்ப்போம் என்று மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்காது.